சொல்லுக்கு இருபத்தைந்து சென்

பதினான்கு பக்கம். ஒப்புதல் படிவம், நான்காம் பதிப்பு.
ஆங்கிலத்தில் பிறந்தது.
மலாய்க்குப் போனது, சீனத்துக்குப் போனது.
தமிழில் மட்டும் மூன்று ஆண்டாய்
"தயாராகி வருகிறது" என்ற ஒரே வரி.
இப்போது என் மேசையில்,
ஆறிப்போன கோப்பிக்குப் பக்கத்தில்.

இருதயத்துக்கு ஒரு புது மாத்திரை.
அரசாங்கப் பணம்.
அதாவது என் சம்பளத்தில் பிடித்தது,
பிறையில் இராத்திரி ஷிப்ட் முடித்தவள்
ஷாம்பு வாங்கும்போது கட்டியது.

குலுக்கல் முறை என்று எழுதினேன், அடித்தேன்.
நாலு நம்பர் கடை ஞாபகம் வரும்.
போலி மாத்திரை என்றால்
முதல் பக்கத்திலேயே எழுந்து போய்விடுவார்கள்.
"மருந்தில்லாத மாத்திரை" என்றேன்.
இரண்டு சொல், ஐம்பது சென், பொய் இல்லை.

ஏழாம் பக்கத்தில் விரல் நின்றது.
"ஆய்வுக் காலத்தில் உங்கள் மனைவி
கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ளவும்."

மேலே போனேன், கீழே வந்தேன்.
மனைவி இருக்கிறாள். கர்ப்பப்பை இருக்கிறது.
அவளுக்கும் ஒரு நெஞ்சு உண்டென்று
பதினான்கு பக்கத்தில் எங்கும் இல்லை.

என் அக்காவுக்கு வந்தபோது
தாடைதான் வலித்தது.
பல் டாக்டர் ஒரு பல்லைப் பிடுங்கினார்.
நல்ல பல்.
மூன்றாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்து
அவள் முதலில் கேட்டது அந்தப் பல்லை.

டாக்டர் நூருல் ஹிதாயாவுக்கு எழுதினேன்.
இப்போது பெண்களையும் சேர்க்கிறோம், என்றார்.
சேர்க்காவிட்டால் அடுத்த தவணை வராதாம்.
அந்த வரியைப் படிவத்திலிருந்து எடுக்க
யாருக்கும் தோன்றவில்லையாம்.

பெர்ரியில் வந்தாள் அந்தோணியம்மாள்,
ஐம்பத்து நான்கு வயது, தொழிற்சாலைச் சட்டையோடு.
நான் வாசிக்க வாசிக்கக் கண்ணை மூடியிருந்தாள்.
தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"இதப் பொம்பளைங்களுக்குக் குடுத்துப் பாத்திருக்காங்களா?"

ஆங்கிலத்தில் சொன்னேன்.
டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில், முப்பத்தொன்று.
"அதுல நம்மாளுங்க?"
இதை நான் மொழிபெயர்க்கவில்லை.
எனக்கே தெரியும். இரண்டு விரல் காட்டினேன்.

"சரி. வெளிய நிக்கச் சொன்னதும் நீங்க,
உள்ள வாங்கன்னு கூப்பிடறதும் நீங்க."
கோபமில்லை. கெம்போங் மீன் விலை
கேட்கிற குரல்தான்.
"செவ்வாக்கெழம வந்தா சம்பளம் போகும், ஞாயிறு போடுங்க.
பெர்ரிக் காசு, பஸ் காசு.
ராத்திரி எனக்கு ஏதாச்சும் ஆனா
போன எடுக்கிறவங்க பேரு வேணும்.
தமிழ் தெரிஞ்ச பேரா இருக்கணும்."

இவற்றுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
டாக்டர் ஓரத்தில் எழுதினார்,
எழுத்து சாய்ந்து ஏறி அடுத்த பக்கத்துக்குப் போனது.
பேர் கேட்ட இடத்தில் என் பேரைச் சொன்னேன்.
சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அவள் கையெழுத்துப் போடவில்லை.
பதினான்கு பக்கத்தையும் மடித்துப்
பைக்குள் வைத்துக்கொண்டாள்.
"படிச்சுட்டுச் சொல்றேன்.
அந்த மனைவியை மொதல்ல எடுங்க."

வெளியே பெஞ்சில் இன்னொருத்தி,
பாலிங் பக்கத்துக் காட்டோரம், கென்சியு இனம்.
தாதி நான்காவது கட்டத்தில் கோடு போட்டாள்,
மலாய், சீனர், இந்தியர் தாண்டி: மற்றவர்.
அவள் மொழியில் படிவம் தயாராகவும் வரவில்லை.

எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்,
நெஞ்சு வலியை உங்களில் எப்படிச் சொல்வீர்கள்?
கை நெஞ்சுக்குப் போகவில்லை.
தோளுக்குப் பின்னே, எட்டாத ஓர் இடத்துக்குப் போனது.
ஒரு சொல் சொன்னாள்.

தமிழ் எழுத்தில் எழுதி வாசித்துக் காட்டினேன்.
சிரித்தாள். தப்பு.
திரும்பச் சொன்னாள்.